சோப்பு போகாத தண்ணீர்

எங்கள் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் யாரும் முதலில் அறையைப் பார்ப்பதில்லை. நேரே பின்பக்கம் போய்க் குழாயைத் திறப்போம். ஒரு கை தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்புவோம். உப்பு எவ்வளவு, பருப்பு வேகுமா, வாளியில் பிடித்து வைத்தால் நுரை மிதக்குமா, இதெல்லாம் தெரிந்த பிறகுதான் ஜன்னலும் கதவும் பூஜை அலமாரியும். பெண் கொடுக்கும்போதும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் தண்ணீர் எப்படி என்று விசாரிக்காமல் தட்டு மாற்றிய குடும்பம் ஆம்பூரில் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தை நம்பித்தான் போன கோடையில் நான் ஏலகிரி மலை ஏறினேன். அது என்னை எங்கே கொண்டு போய் விட்டது என்பதை இப்போது சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு டேனரியில் டிரம் பக்கம் வேலை. ஈரத் தோலை மருந்துத் தண்ணீரோடு போட்டுச் சுற்ற விடுகிற பெரிய மர டிரம்கள் அவை. கையுறை கொடுத்தார்கள். போட்ட நாளும் உண்டு, வேர்க்கிறது என்று கழற்றி வைத்த நாளும் உண்டு. கார்த்திகை வாக்கில் விரல் இடுக்கில் அரிக்கிறது என்றார். பொங்கலுக்குள் இரண்டு உள்ளங்கையும் வெடித்து, விரலை மடக்கினால் ரத்தம் கசிகிற அளவுக்கு வந்துவிட்டது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்.

மிளகாய் பட்டால் துடித்துப் போவார் என்பதால் ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தார். ரசம் சாதத்தைக் கூட ஸ்பூனில். ஆம்பூரில் பிறந்து வளர்ந்த மனிதன் பிரியாணியை ஸ்பூனால் கிளறிக்கொண்டிருப்பதை எதிரே உட்கார்ந்து பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை. பந்தியில் நாலு பேர் கையைப் பார்ப்பார்கள் என்று கல்யாண வீடுகளுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். இரவெல்லாம் பக்கத்தில் சொறிகிற சத்தம். அந்தச் சத்தம் நின்றால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

வேலூரில் காட்டிய தோல் டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "இந்தக் கோடைய மட்டும் ஊர்ல கழிக்காதீங்க. வெயில், வேர்வை, உப்புத் தண்ணி எதுவும் இந்தக் கைக்கு ஆகாது. குளிர்ச்சியான எடமா, நல்ல தண்ணியா பார்த்து ரெண்டு மாசம் இருங்க. ஆறலேன்னா அப்புறம் ரொம்பக் கஷ்டம்" என்றார். இவர் தலையை ஆட்டினார். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான் வந்தது. இரண்டு மாதம் லாட்ஜில் தங்க நாங்கள் என்ன ஜமீன் பரம்பரையா?

வழி காட்டியது என் தம்பிதான். அவன் பேரணாம்பட்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஷூ கம்பெனிகளுக்கு ஏற்றிவரும் வேன்கள் ஓட்டுகிறவன். ஒரு வேன் பழசாகிவிட்டது, இனி கம்பெனிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யாரோ ஒரு வீடியோவைக் காட்டி ஏற்றிவிட, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுக் கட்டில், காஸ் அடுப்பு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, பூப்போட்ட திரை எல்லாம் வைத்து அதைக் கேரவன் ஆக்கியிருந்தான். வாடகைக்கு எடுக்க ஓர் ஆள் வரவில்லை. ஆறு மாதமாக அவன் வீட்டு வாசலில் நின்று கோழி அடையும் இடமாகிவிட்டது.

"எடுத்துனு போக்கா. மாமா கை நல்லாவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றான்.

அப்படித்தான் சித்திரை பிறந்ததும் அவனே ஓட்ட, பின்னால் நாங்கள் இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்தபடி மலை ஏறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் பாத்திர மூட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடியது. இவர் அதைக் காலால் தடுத்துக்கொண்டே வந்தார். கையால் பிடிக்க முடியாதே.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஷூ கம்பெனியில் நான் செக்கிங்கில் இருந்தவள். தைத்து வரும் தோலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் விலகிய இடத்தில், தோல் சுருங்கிய இடத்தில் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. பல வருஷம் அந்த வேலை பார்த்தால் கண் அப்படியே ஆகிவிடும். கல்யாணத்துக்குப் போனால் மணப்பெண்ணின் ரவிக்கைத் தையல்தான் முதலில் தெரியும். மாமியார் வீட்டுச் சுவரில் விரிசல் தெரியும். இவர் கேலி செய்வார்: "சாமியே வந்து எதிர்ல நின்னாலும் ஒரு அம்பு ஒட்டாம வுடமாட்டா." ஆகவே இடம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கேள்வியே இல்லாமல் என்னிடம் வந்தது. இடத்துக்கு ஓர் இரவு தங்கிச் சாம்பிள் பார்ப்பது, பிறகு முடிவு செய்வது என்று திட்டம்.

முதலில் பார்த்தது ஒரு ரிசார்ட். வாசலிலேயே 'கேரவன் பார்க்' என்று பெரிய போர்டு. வேன் நிறுத்தச் சிமெண்டுத் தரை, ஒவ்வொரு இடத்துக்கும் பிளக் பாயிண்டு, ஒரு குழாய், சுற்றிக் காகிதப்பூச் செடிகள். எங்கள் வேனைத் தவிர வேறு வண்டி எதுவும் இல்லை. மேனேஜர் தம்பி மரியாதையாகப் பேசினான். ராத்திரி மட்டும் அறைகளில் தங்கியிருந்த கூட்டம் பாட்டுப் போட்டு ஆடியதில் கூரைத் தொட்டி அதிர்ந்தது. நான் மனதுக்குள் ஓர் அம்பு ஒட்டினேன். ஆனால் குழாய்த் தண்ணீரில் குறையே இல்லை. வாயில் விட்டால் பழகின ருசி. சோப்புப் போட்டால் அளவாக நுரைத்தது, ஒரு சொம்பு ஊற்றியதும் கை கறுக் கறுக் என்று சுத்தமானது. பருப்பு ஐந்து விசிலில் வெந்தது.

இரண்டாவது, படகுத் துறைக்குப் பக்கத்து மைதானம். குரங்கும் டூரிஸ்ட்டும் ஒன்றுக்கொன்று சளைக்காத இடம். தண்ணீர்க் குழாயே கிடையாது. வேனை விட்டு இறங்காமலே வேண்டாம் என்றேன்.

மூன்றாவது இடத்தைத் தம்பி டீக்கடையில் விசாரித்துக் கண்டுபிடித்தான். ஊர் தாண்டி ஒரு பலாத் தோப்பு. மலைக்காரப் பெண்மணி ஒருத்தர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வயசுதான் இருக்கும். தோப்பு நடுவே வேன் நிற்கச் சமமான இடம், பக்கத்தில் ஒரு கிணறு. மலை ஊற்று அதில் விழுகிறது, கோடையிலும் வற்றாது என்றார். பிளக் பாயிண்டுக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு ஒயர். ராத்திரி ஆனால் பலாப்பழம் விழுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் கிடையாதாம். எனக்கே பிடித்துவிட்டது.

அப்புறம்தான் கிணற்றடியில் கை கழுவினேன். சோப்பைத் தொட்டதுதான் தாமதம், நுரை முழங்கை வரை ஏறிவிட்டது. எங்களுக்கு நுரை என்றாலே பயம். மழை பெய்து பாலாற்றில் தண்ணீர் வரும்போது அதன் மேல் மிதந்து வரும் டேனரிக் கழிவு நுரையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சரி, கழுவிவிடலாம் என்று ஒரு சொம்பு ஊற்றினேன். வழவழப்புப் போகவில்லை. இன்னொரு சொம்பு. அப்போதும் போகவில்லை. வாளித் தண்ணீர் முழுவதையும் ஊற்றித் தேய்த்தும் எண்ணெய் தடவினது போலவே கை இருந்தது.

"இந்தத் தண்ணியில இன்னாமோ கலந்துருக்குது" என்றேன்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாத்தக் கலப்பாங்க? ஊத்துத் தண்ணிதான்க்கா. நான் பொறந்ததுல இருந்து இதுதான் குடிக்கறேன். ஒண்ணும் ஆவல, பாரு."

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. ராத்திரிச் சமையலுக்குப் பருப்பு வைத்தேன். வழக்கம் போல ஐந்து விசில். திறந்து பார்த்தால் பருப்பையே காணோம், மஞ்சள் கஞ்சிதான் இருந்தது. சோப்பு போகவில்லை, பருப்பு கரைந்துவிட்டது. இந்த இரண்டையும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: தண்ணீரில் சோடாக் காரம் மாதிரி ஏதோ இருக்கிறது, வெடித்த கைக்கு இது ஆகவே ஆகாது.

காலையில் எழுந்ததும் இவர், "நேத்து நல்லாத் தூங்கினேம்மே" என்றார்.

"அலைச்சல். அதான் தூக்கம்" என்றேன்.

செக்கிங்கில் ரிஜெக்ட் ஆனது ஆனதுதான் என்பது அவருக்கும் தெரியும். தம்பி வேனை மறுபடி ரிசார்ட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பஸ் பிடித்துக் கீழே போய்விட்டான். நான் குழாயைத் திறந்து கை கழுவி, கறுக் என்று சுத்தமாவதைப் பார்த்து நிம்மதியானேன். "நம்ம வூட்டுத் தண்ணி மாதிரியே இருக்குது" என்று இவரிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

காற்று குளுகுளுவென்றுதான் இருந்தது. வேர்வை இல்லை. மருந்தை ஒரு வேளை தவறாமல் தடவினேன். சாயங்காலம் இரண்டு பேரும் நடந்துவிட்டு வருவோம். எல்லாம் சரிதான், கைதான் ஆறவில்லை. கொஞ்சம் மூடுகிற மாதிரி இருக்கும், குளித்துவிட்டு வந்தால் மறுபடி வெடிக்கும். சொறிகிற சத்தம் ஆம்பூரிலிருந்து எங்களோடு மலை ஏறி வந்துவிட்டது. நான் டாக்டரைத் திட்டினேன், மருந்தைத் திட்டினேன், பாட்டுப் போடுகிறவர்களைத் திட்டினேன். திட்ட வேறு ஆள் கிடைக்காத நாளில் இவரையே திட்டினேன், ஏன் சொறிகிறீர்கள் என்று.

அவர் ஒருநாள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தபடி சொன்னார்: "ஊரு மாட்டுத் தோலயெல்லாம் பதம் பண்ணினேன். என் தோல மட்டும் பதம் பண்ண முடியல." சிரிக்கத்தான் சொன்னார். அப்புறம் மெதுவாக, "வூட்டுக்கே போய்ட்லாம்மே. இங்க இருந்து இன்னா ஆவப்போவுது" என்றார். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றேன். அந்த வாரத்தில் என்ன மாறும் என்று எனக்கே தெரியாது. பயம் என்றால் அதுதான் பயம். கை இப்படியே நின்றுவிடும், இனி ஆயுசுக்கும் ஸ்பூன்தான் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக நம்பினேன்.

மறுநாள் விடிந்ததும் பால் வாங்கக் கிளம்பினேன். ரிசார்ட்டின் பின்பக்கக் கேட்டில் ஒரு டேங்கர் லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு காலையில் நான் அந்தப் பக்கம் போனதில்லை. டிரைவர் இறங்கிக் குழாயைத் தரைத் தொட்டிக்குள் விட்டார். வாணியம்பாடிப் பக்கத்து பாய், வெள்ளைத் தாடி, வாயில் வெற்றிலை.

"தண்ணியா பாய்? எங்கருந்து வருது?"

"கீழருந்துதாம்மா. வாணியம்பாடிப் பக்கம் போர்த் தண்ணி. கோடையில இவங்க போரு வறண்டுபோவுது, ஆளுங்களும் ஜாஸ்தி. தெனம் ரெண்டு லோடு. வளைவுல வண்டி ஏத்துறதுக்குள்ள பேஜார்."

நான் பால் பாத்திரத்தோடு அங்கேயே நின்றுவிட்டேன். நம்ம வீட்டுத் தண்ணீர் மாதிரியே இருக்கிறது என்று சொன்னேனே, மாதிரி என்ன மாதிரி, நம்ம பாலாற்றுப் பக்கத் தண்ணீரேதான். எந்தத் தண்ணீரை விட்டு இந்தக் கையைத் தப்பிக்க வைக்க மலை ஏறினேனோ, அது எங்களுக்குப் பின்னாலேயே லாரி ஏறி வந்திருக்கிறது. அதற்கு நான் பாஸ் போட்டு, பெருமைப்பட்டு, அவர் கையில் தினமும் ஊற்றிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

வேனுக்கு ஓடி வந்து வெந்நீர்க் கெட்டிலைத் திறந்தேன். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. எங்கள் வீட்டில் எல்லாப் பாத்திரத்திலும் இருப்பதுதான். மலைக்குக் கிளம்புமுன் புளி போட்டுத் தேய்த்து எடுத்து வந்த கெட்டில் அது. தோப்பில் தங்கிய மறுநாள் காலை அதில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அடி பளிச்சென்று இருந்தது. அப்போது அதைப் பார்த்தேன். பார்த்தும், குறை இல்லாததால் கண்ணில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. உப்பு இல்லாத தண்ணீரில் சோப்பு அப்படித்தான் நுரைக்கும். கை வழவழப்பாகத்தான் இருக்கும், அது சோப்பு அல்ல, தோல். ஐந்து விசில் என்பது எங்கள் ஊர்த் தண்ணீருக்கான கணக்கு. நல்ல தண்ணீரில் பருப்பு இரண்டு விசிலில் வெந்து, மீதி மூன்றில் கரைந்து போயிருக்கிறது. பிறந்ததிலிருந்து நல்ல தண்ணீரில் கை நனைக்காதவளுக்கு நல்ல தண்ணீர் எப்படி இருக்கும் என்று எப்படித் தெரியும்? நான் அதற்குத்தான் அம்பு ஒட்டியிருக்கிறேன்.

தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தார். "செக்கிங் மேடம்! மூட்ட கட்டு, மூட்ட கட்டு" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும்.

வேனை ஓட்ட ஆள் இல்லை. தம்பிக்குப் போன் போட்டால் ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும் என்றான். அதுவரை அந்தத் தண்ணீரை ஒரு சொட்டுக் கூட அவர் கையில் படவிட எனக்கு மனசில்லை. நேரே டேங்கர் பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "யா அல்லா, ரெண்டு லோடு ஏத்தினு வந்து உங்களுக்குத்தான் கஷ்டம் குடுத்தேனா" என்று சொல்லிக்கொண்டே எங்கள் வேனில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மேனேஜர் தம்பி, ஏதாவது குறையா மேடம் என்று கேட்டான். பாவம், அவன் மேல் என்ன தப்பு. பாட்டுச் சத்தம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தோப்பில் அந்த அம்மா வேனைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "சோப்பு போவாதேக்கா, பரவால்லியா?" என்றார்.

"போவாட்டி போவுது" என்றேன்.

அப்புறம் நடந்ததை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, நல்லது நடந்தால் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கும். தினமும் காலையில் கிணற்றடியில் குளிப்பார். டாக்டர் கொடுத்த மருந்துச் சோப்பைத் தொட்டால் போதும், தேய்க்கவே வேண்டாம். மருந்து தடவி, தோப்பில் ஒரு நடை. முதலில் விரல் இடுக்கு அடங்கியது. பிறகு உள்ளங்கை வெடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஒரு நாள் மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், வேனுக்குள் சத்தமே இல்லை. என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தால், இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு ஆழ்ந்து தூங்குகிறார். கையிலிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டேன். எத்தனை மாதம் ஆகியிருந்தது, அந்தச் சத்தம் இல்லாமல்.

தண்ணீர்தான் காரணமா, வேர்வை இல்லாததா, டிரம்மை விட்டு விலகியிருந்ததா என்று அப்புறம் டாக்டரைக் கேட்டேன். எல்லாம் சேர்ந்துதான் என்றார். சேர்ந்து இருக்கட்டும். எனக்குக் கிணறுதான்.

வைகாசி முடிகிற சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி பிரியாணி வாங்கிக்கொண்டு மலைக்கு வந்தான். கூட கத்திரிக்காய் தொக்கும் தயிர் வெங்காயமும். தோப்புக்கார அம்மாவையும் கூப்பிட்டு, பலா மரத்தடியில் பாய் விரித்து இலை போட்டோம். தம்பி பழக்க தோஷத்தில் வேனுக்குள் போய் ஸ்பூனைத் தேடி எடுத்து வந்து, "இந்தாங்க மாமா" என்று நீட்டினான்.

இவர் வாங்கிக்கொண்டார். பிறகு அந்த ஸ்பூனைத் தொக்குப் பாத்திரத்தில் போட்டு, எல்லோருக்கும் ஒவ்வொரு கத்திரிக்காயாகப் பரிமாறினார். ஸ்பூனைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு, வலது கையால் பிரியாணியைத் தொக்கோடு சேர்த்துப் பிசைந்தார். காரம் சிவக்கச் சிவக்க விரல் இடுக்கில் ஏறியது. நான் என் இலையைத் தொடாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மே பாக்கற? அம்பு எங்க ஒட்டலாம்னா?" என்றார் வாய் நிறையச் சோற்றோடு.

நானும் தேடிப் பார்த்தேன். ஒட்ட இடமில்லை.